அப்புறம் என்கிற ஊர்

லிப்ட் கம்பெனியில் அவனுக்கு டெஸ்ட்டு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. ஒரு லிப்ட்டில் நான்கு சாமான் மாற்ற வேண்டியிருந்தால், மற்ற மெக்கானிக்குகள் நான்கையும் மாற்றிவிட்டு ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இவன் ரிலேயை மாற்றினால் ஓட்டிப் பார்ப்பான். கதவு உருளையை மாற்றினால் ஓட்டிப் பார்ப்பான். பட்டனுக்குப் பின்னால் இருக்கும் சின்ன பல்பை மாற்றினாலும் பதினான்காம் மாடி வரை ஏறி இறங்கிப் பார்ப்பான். அதுவரைக்கும் படியேறிப் போகிறவர்கள் மூச்சிரைக்க இவனைத் திட்டிக்கொண்டே போவார்கள்.

"ஒண்ணொண்ணா மாத்தி, ஒண்ணொண்ணா ஓட்டிப் பாத்தாதாங்க கோளாறு எங்கன்னு பிடிபடும்" என்பான். வாய்ப்பேச்சு இல்லை. பத்தொன்பது வருஷத்தில் அவன் கை வைத்த லிப்ட் எதுவும் இரண்டு மாடிக்கு நடுவே நின்று யாரையும் தவிக்க விட்டதில்லை. அந்த நல்ல பழக்கமே அவன் வீட்டைக் காலி பண்ணும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

அவன் மனைவி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ராத்திரி ஷிப்ட் நர்ஸ். மாலை ஆறேகாலுக்கு அவன் வீட்டுக்குள் நுழைவான், ஆறே முக்காலுக்கு அவள் படியிறங்குவாள். காலையில் ஏழரைக்கு அவன் கிளம்பினால், எட்டு மணிக்கு அவள் வந்து பூட்டைத் திறப்பாள். ஆக, ஒரு நாளைக்கு அரை மணி நேரத் தாம்பத்தியம். அதிலும் பாதி குளியலறையிலும் மீதி சீருடைக்கு இஸ்திரி போடுவதிலும் கழிந்துவிடும். "கேஸ் சொல்லியாச்சா?" "ம்." "உங்க அம்மா போன் பண்ணாங்க." "ம்." ஞாயிற்றுக்கிழமை என்றால் அவள் மூன்று மணி வரை அசந்து தூங்குவாள். பிள்ளை இல்லை. அதைப் பற்றிப் பேசிப் பேசி ஓய்ந்து, பேச்சையே விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது.

இப்படிப்பட்ட இரண்டு பேரை ஒன்பது வருஷமாக ஒட்டவைத்திருந்தது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. ஊரில் பாதிப் பேரை ஒட்டவைத்திருப்பது டிவி சீரியல்தான், அதற்கு யாரும் சிரிப்பதில்லை.

கல்யாணமான புதிதில் இருவரும் வேறொரு விளையாட்டைத்தான் ஆடிப் பார்த்தார்கள். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, முன்பின் தெரியாத பத்துப் பேரோடு கூட்டுச் சேர்ந்து சுடுகிற ஆட்டம். அவனை விட அவளுக்குக் கை வேகம். மூன்றாவது நாள், பின்னால் ஆள் வருகிறான் என்று கூட்டாளியை எச்சரிக்க வாயைத் திறந்து நான்கு வார்த்தை பேசிவிட்டாள். பெண் குரல் கேட்டதுதான் தாமதம், அத்தனை பேரும் சுடுவதை விட்டுவிட்டு அவள் மேல் பாய்ந்தார்கள். ஒருத்தன் சமையலறைக்குப் போகச் சொன்னான். இன்னொருத்தன் சொன்னதை இங்கே எழுத முடியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த டெஸ்ட்டு மைக்கைப் பிடுங்கி, "டேய், அது என் பொண்டாட்டிடா" என்று கத்தினான். அவ்வளவுதான், அவர்களுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. அவள் ஹெட்போனைக் கழற்றி மேசை மேல் வைத்தாள்.

"வார்டுல குடிச்சிட்டு வர்றவன் கூட இப்படிப் பேசமாட்டான்" என்றாள். அதோடு அந்தப் பக்கமே போகவில்லை.

அப்புறம்தான் ஆளே இல்லாத ஒரு விளையாட்டாகத் தேடி வாங்கினார்கள். வெறும் நிலம், ஓர் ஆறு, கொஞ்சம் மலை. தண்டவாளம் போடலாம், வீடு கட்டலாம், மரம் நடலாம். யாரும் யாரையும் சுட வேண்டாம். கடையில் அட்டைப் பெட்டியோடு, உள்ளே சிடித் தகடும் ரகசிய எண் அச்சடித்த சீட்டுமாக, முழு விலை கொடுத்து வாங்கிய அசல் சரக்கு. ஊருக்குப் பெயர் வைக்கச் சொல்லிக் கேட்டது. அவன் ஒன்று சொன்னான், அவள் ஒன்று சொன்னாள், ஒத்துவரவில்லை. "அப்புறம் வச்சுக்கலாம் விடுங்க" என்றாள். அவன் குறும்பாக 'அப்புறம்' என்றே தட்டிவிட்டான். ஊர் பெயர் அதுவாகவே நிலைத்துவிட்டது.

அவன் இருக்கும்போது அவள் இல்லை, அவள் இருக்கும்போது அவன் இல்லை. அதனால் ஊரை ஷிப்ட் மாற்றி ஒப்படைக்கிற மாதிரி ஒப்படைத்துக்கொண்டார்கள். மாலையில் அவன் கட்டுவான், பகலில் தூங்கி எழுந்து அவள் கட்டுவாள். தகவல் சொல்ல விளையாட்டிலேயே வழி இருந்தது. தண்டவாளத்தின் ஓரமாகப் பலகை நடலாம். ஒரு பலகையில் முப்பது எழுத்துக்கு மேல் ஏறாது. தமிழும் ஏறாது, ஆங்கில எழுத்தில்தான் தமிழைத் தட்ட வேண்டும். பெரிய சேதி என்றால் வரிசையாக ஐந்தாறு பலகை நட வேண்டும். ரயிலில் ஏறி ஜன்னலோரக் காட்சியை அழுத்தினால், பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிவரும்.

முதலில் வேலைச் சேதிதான். 'பாலத்தில் கை வைக்காதே.' 'பழைய பஸ் ஸ்டாண்டை இடிக்கலாமா?' போகப்போக வேறு சேதிகளும் வந்தன. 'இன்னிக்கு ஒரு தாத்தா போயிட்டார்.' 'கையை விடவே இல்லை.' 'அவருக்கு ஒரு மரம்.' ஆற்றங்கரையில் ஒற்றை மரம் நின்றது. வார்டில் அவள் கையில் போனவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு மரம் என்று ஒன்பது வருஷத்தில் அது ஒரு தோப்பாகிவிட்டது. நேரில் அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை, அவனும் கேட்டதில்லை. ஆனால் அந்தத் தோப்பு வழியாக மட்டும் அவன் தண்டவாளம் போடமாட்டான். எவ்வளவு சுற்றினாலும் சுற்றிக்கொண்டுதான் போவான். போன வருஷம் அவள் ஒரு பலகையில், 'சுத்திப் போறதைக் கவனிச்சேன்' என்று எழுதியிருந்தாள். அதைப் படித்துவிட்டு அவன் அன்றைக்குச் சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தான்.

ஊர் பெருத்துப் போனதில் கம்ப்யூட்டர் திணற ஆரம்பித்தது. "ரயிலு விக்கி விக்கி ஓடுதுங்க. கண்ணு வலிக்குது" என்றாள் ஒரு மாலை, சீருடையில் சேஃப்டி பின் குத்திக்கொண்டே. டெஸ்ட்டு அப்போதே முடிவு பண்ணிவிட்டான். அவளுக்குத் தெரியாமல் சாமான்களையெல்லாம் புதிதாக மாற்றி, ஒருநாள் அவள் உட்காரும்போது ரயில் வெண்ணெய் மாதிரி ஓட வேண்டும்.

வாரத்துக்கு ஒரு சாமானாக வாங்கினான். முதல் வாரம் டிஸ்க். மாற்றினான், விளையாட்டைத் திறந்து பார்த்தான், ஓடியது. இரண்டாம் வாரம் மெமரி. திறந்து பார்த்தான், ஓடியது. மூன்றாம் வாரம் கிராபிக்ஸ் கார்டு. திறந்து பார்த்தான், இன்னும் நன்றாக ஓடியது. ஒவ்வொரு தடவையும் திரையின் மூலையில் 'உரிமம் உறுதி செய்யப்பட்டது, நன்றி' என்று ஒரு சின்னக் கட்டம் வந்து போயிற்று. நன்றி சொல்கிறார்களே என்று அவனுக்கும் சந்தோஷம்தான்.

நான்காவது வாரம், சனிக்கிழமை. மதர்போர்டு மட்டும் பாக்கி. பழையதைக் கொடுத்தால்தான் அந்த விலைக்குப் புதியது என்று கம்ப்யூட்டர் கடைக்காரர் சொல்லியிருந்தார். மத்தியானமே வந்து, அவள் தூங்கும்போது சத்தமில்லாமல் கழற்றிக்கொண்டு போய், கொடுத்துவிட்டுப் புதியதோடு வந்தான். அவள் கிளம்பும்போது மேசை மேல் ஒரு துண்டை விரித்து மூடி வைத்திருந்தான்.

செருப்பை மாட்டியவள் கதவருகே நின்றாள். "புதுசா பலகை வச்சிருக்கேன். முந்தாநாளே வச்சேன். நீங்க ஒண்ணுமே சொல்லலையே."

"ரெண்டு நாளா வேலைம்மா. இன்னிக்குப் பாத்துடறேன்."

"அவசரமில்ல" என்றாள். ரெண்டு படி இறங்கி மறுபடியும் திரும்பினாள். "ஆனா பாத்துடுங்க."

அவசரமில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து சொல்வதற்கு வேறு அர்த்தம் உண்டு என்பது லிப்ட் மெக்கானிக்குத் தெரியவில்லை. போர்டை மாட்டி, திருகுகளை முறுக்கி, சுவிட்சைப் போட்டான். எல்லா விளக்கும் எரிந்தது. விளையாட்டைத் திறந்தான். சின்னக் கட்டத்துக்குப் பதிலாகப் பெரிய கட்டம் வந்தது.

'இந்த உரிமம் ஐந்து கணினிகளில் பயன்படுத்தப்பட்டுவிட்டது. ஆறாவது கணினியில் அனுமதி இல்லை.'

அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஐந்து கணினியா? இந்த வீட்டில் இருக்கிறதே ஒன்றுதான். மறுபடி திறந்தான். அதே கட்டம். அட்டைப் பெட்டியைத் தேடி எடுத்து, அதன் பின்பக்கம் எறும்பு அளவில் அச்சடித்திருந்ததை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஆளில்லாத விளையாட்டுதான். ஆனால் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் எங்கேயோ இருக்கும் கம்பெனிக்குப் போய், இவர் நிஜமாகவே வாங்கியவர்தானா என்று கேட்டுவிட்டு வருகிறது. சொந்த வீட்டுக்குள் நுழைய, கட்டிக்கொடுத்த கொத்தனாரிடம் தினமும் போய் நிற்கிற கதை. உள்ளே சாமான் மாறியிருந்தால் அது புதுக் கணினி என்று கணக்கு. வாங்கிய அன்று ஒன்று. நாலு வருஷம் முன்பு மின்சாரம் ஏறி இறங்கி எரிந்துபோன சாமானை மாற்றியது ஒன்று. அப்புறம் டிஸ்க், மெமரி, கார்டு. ஐந்து முடிந்தது.

நான்கையும் ஒரே தடவையில் மாற்றிவிட்டு ஒரு தடவை திறந்திருந்தால் மூன்றோடு நின்றிருக்கும். சோம்பேறியாக இருந்திருந்தால் பிழைத்திருப்பான். ஒண்ணொண்ணா மாத்தி ஒண்ணொண்ணா ஓட்டிப் பார்த்தான் அல்லவா, அதற்குத்தான் இந்தத் தண்டனை.

ஞாயிற்றுக்கிழமை கடை திறந்ததும் ஓடினான். பழைய போர்டு நேற்று சாயங்காலமே பழைய சாமான் வண்டியில் ஏறிப் போய்விட்டது.

"அதை வச்சு என்ன சார் பண்ணப்போறீங்க?" என்றார் கடைக்காரர். டெஸ்ட்டு திரும்பி நடந்தான். வீட்டுக்கு வந்தபோது அவள் டூட்டி முடிந்து வந்து, முகம் கழுவிக்கொண்டு, தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"பாத்தீங்களா?"

இந்த இடத்தில் அவன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். உன் ஊரைப் பூட்டிவிட்டேன், சாவியும் போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பத்தொன்பது வருஷம் ஒரு லிப்ட்டையும் நிறுத்தாதவன். இன்றைக்கோ நாளைக்கோ சரிசெய்துவிடலாம், அவளுக்குத் தெரியவே வேண்டாம் என்று நினைத்தான். பலகையில் என்ன இருக்கப்போகிறது? பழைய பஸ் ஸ்டாண்டை இடிப்பதா வேண்டாமா என்று ஒரு மாதமாக இருவருக்கும் இழுபறி. அதுவாகத்தான் இருக்கும்.

"பாத்தேன்."

"என்ன சொல்றீங்க?"

"சரிதான். உனக்குச் சரின்னா எனக்கும் சரி."

அவள் தலையணையை விட்டுவிட்டு அவனைப் பார்த்தாள். "யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு? நீ பாத்து எது பண்ணாலும் நல்லாத்தான் இருக்கும்."

"சரி" என்றாள். அப்புறம் திரும்பவும் போய் முகம் கழுவினாள். இப்போதுதானே கழுவினாள் என்று அவனுக்குத் தோன்றியது. ஆனால் அவன் மனசு முழுக்க மதர்போர்டில் இருந்தது.

மூடி கழன்று கிடந்த கம்ப்யூட்டரைக் காட்டி, "ஒரு சாமான் வரணும், கொஞ்ச நாளாகும்" என்றான். அவள் அதற்கும் "சரி" என்றாள்.

கம்பெனிக்கு எழுதினான். பதில் ஐந்து நிமிஷத்தில் வந்தது. உங்கள் சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறோம், உங்கள் அன்பு எங்களுக்கு முக்கியம் என்று ஆரம்பித்து, இணையத் தொடர்பைச் சரிபார்க்கவும், கணினியை அணைத்துப் போடவும் என்று முடிந்தது. பிரச்சினையை இவன் மறுபடி விளக்கினான். அதே வருத்தம், அதே அன்பு, மறுபடி அணைத்துப் போடச் சொன்னார்கள். நான்காவது கடிதத்தில், நீங்கள்தான் வாங்கியவர் என்பதற்கு ரசீது அனுப்புங்கள் என்றார்கள். ஒன்பது வருஷத்து ரசீது. கிடைத்தது, ஆனால் எழுத்தெல்லாம் பறந்துபோய் வெறும் வெள்ளைக் காகிதமாக இருந்தது. பெட்டியையும் எண் சீட்டையும், கையால் புகார் எண் எழுதிய ஒரு தாளையும் சேர்த்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். போலீஸ் ஸ்டேஷனில் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனைப் போல அதையும் செய்தான். 'உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது' என்று வந்தது. அதோடு சத்தமில்லை.

இணையத்தில் விளையாட்டுக்காரர்கள் கூடுகிற குழு ஒன்று இருந்தது. அங்கே போய் நடந்ததை எழுதி, என்ன செய்யலாம் என்று பணிவாகக் கேட்டான். முதல் ஆள், 'அஞ்சு கம்ப்யூட்டர்ல ஓட்டிட்டு அழுவுறியா, திருட்டுப்பய' என்றான். அடுத்தவன், 'அங்கிள், பேரப் பிள்ளைய கூப்பிடுங்க, அவன் பண்ணிக் குடுப்பான்' என்றான். 'அந்த மொக்க கேமை இன்னுமா ஒருத்தன் ஆடறான்' என்று ஒருத்தன். கம்பெனிக்கு வக்காலத்து வாங்கிப் பக்கம் பக்கமாக எழுதினான் இன்னொருத்தன், அவன் சம்பளம் அங்கிருந்து வருகிறாற்போல. திருடர்களால்தான் இந்தப் பூட்டெல்லாம் போட வேண்டியிருக்கிறதாம், நல்லவனாக இருந்தால் உனக்கு ஏன் வலிக்கிறது என்று கேட்டான். 'என் மனைவியும் நானும் ஒன்பது வருஷமாகக் கட்டிய ஊர் உள்ளே இருக்கிறது' என்று டெஸ்ட்டு எழுதினான். எழுதியிருக்கக் கூடாது. பன்னிரண்டு பேர் சிரிக்கிற முகம் போட்டார்கள். 'பொண்டாட்டி கூட கேம்தான் ஆடுவியா அங்கிள்' என்று ஒருத்தன் கேட்டதற்கு எண்பது பேர் கை தட்டினார்கள். பல வருஷம் முன்பு அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்த மாதிரி அவனும் எழுந்துவிட்டான்.

ஒரே ஒருவர் மட்டும் தனியாக எழுதியிருந்தார். 'காசு குடுத்து வாங்கினதுதான் சார் நீங்க பண்ண தப்பு. பூட்டு உடைச்ச காப்பி போடுங்க.'

கம்ப்யூட்டர் கடைக்காரரும் அதையேதான் சொன்னார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்துக் கொடுத்தார். வாழ்நாளில் திருட்டுச் சரக்கு தொடாதவன், சட்டைப்பைக்குள் அதை வைத்துக்கொண்டு பஸ்ஸில் வழிநெடுகக் கையால் மூடியபடியே வந்தான். வீட்டில் போட்டான். இரண்டே நொடியில் திறந்தது. யாரையும் கேட்கவில்லை, எங்கேயும் போய் விசாரிக்கவில்லை, ஐந்து ஆறு என்று எண்ணவில்லை. திருடனுக்கு ராஜ மரியாதை. பழைய ஊரைத் திறக்கச் சொன்னபோதுதான், 'இந்தக் கோப்பு வேறொரு உரிமத்துக்குச் சொந்தமானது' என்றது. அசல் உரிமத்தோடு ஊரைச் சேர்த்துப் பூட்டு போட்டிருந்தார்கள். வெறும் நிலமும் ஆறும் மட்டும் திரையில் நின்றன, ஆற்றங்கரையில் ஒரு மரம்கூட இல்லாமல்.

மூன்றாவது வாரம், ஒரு மாலை, அவள் சீருடை போடாமல் உட்கார்ந்திருந்தாள். கட்டிலின் மேல் பெரிய சூட்கேஸ் திறந்து கிடந்தது.

"பதினெட்டாந்தேதி கிளம்பணும். தம்பி வண்டி எடுத்துட்டு வரேன்னான்."

"எங்க?" என்று கேட்டுவிட்டான்.

அவள் நிமிர்ந்தாள். "எங்கன்னா என்ன அர்த்தம்? பலகையப் பாத்துட்டு நீங்கதானே சரின்னு சொன்னீங்க?"

"இல்ல... இவ்வளவு சீக்கிரமான்னு கேட்டேன்."

"ரெண்டு வருஷ ஒப்பந்தம். அங்க ஆள் உடனே வேணுமாம். நீங்க சரின்ன அன்னிக்கே கையெழுத்து போட்டு அனுப்பிட்டேன்."

அப்படியென்றால் அவளுக்குப் போக ஆசை, அவனிடம் ஒப்புக்குக் கேட்டிருக்கிறாள். இப்படித்தான் அவனுக்குக் கணக்கு வந்தது. இப்போது போய், நான் படிக்கவே இல்லை, போகாதே என்றால், கையெழுத்துப் போட்டவளின் காலைப் பிடித்து இழுக்கிற மாதிரி ஆகாதா? படிக்காமல் எதற்குச் சரி சொன்னாய் என்று கேட்டால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வது? பயந்துபோனான். பயத்தை மரியாதை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"நல்லதுதான்" என்றான். "பெரிய எடமா இருக்கும்."

"ம். பெரிய எடம்தான்." அவள் ஒரு துணியை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். "உங்களுக்கு வேற ஒண்ணும் சொல்லணும்னு இல்லையா?"

"சூட்கேஸ் பூட்டு கொஞ்சம் தளர்ந்திருக்கு. சரிபண்ணித் தரேன்."

சரிபண்ணித் தந்தான். மூன்று தடவை பூட்டித் திறந்து பார்த்துத் தந்தான்.

பதினெட்டாம் தேதி மச்சினன் வண்டியோடு வந்தான். "மாமா, நீங்களும் ஸ்டேஷனுக்கு வாங்களேன்" என்றான். ஒரு கட்டடத்தில் லிப்ட் நின்றிருக்கிறது, போக வேண்டும் என்றான் டெஸ்ட்டு. அது உண்மையும்கூட. பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தான். அவள் முன் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். "வேளாவேளைக்குச் சாப்பிடுங்க" என்றாள். "ம்" என்றான்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச ஆளில்லை என்று சொல்ல வந்தேன். முன்னாலும் பேசவில்லைதான். இப்போது மாலையில் வந்தால் பூட்டை அவனே திறக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம் என்று முதல் வாரம் நினைத்துக்கொண்டான். இரண்டாவது வாரத்திலிருந்து அப்படி நினைக்க முடியவில்லை. போனில் வாரத்துக்கு ஒருமுறை பேசினார்கள். கேஸ் வந்ததா, சாப்பாடு எப்படி, அங்கே குளிரா. ஏழு நிமிஷத்துக்கு மேல் ஓடாது. ஒருநாள் வேலையிடத்தில் பட்டன் பல்பை மாற்றிவிட்டு, ஓட்டிப் பார்க்காமலே கருவிப் பையை மூடினான். கூட இருந்த சூப்பர்வைசர், "என்னய்யா டெஸ்ட்டு, உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டார்.

கம்பெனிக்கு எழுதிய ஒன்பதாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. உங்கள் பொறுமைக்கு நன்றி. நல்லெண்ண அடிப்படையில், ஒரே ஒருமுறை மட்டும், உங்கள் உரிமம் புதுப்பிக்கப்படுகிறது. கீழே இன்னொரு பத்தி. இந்த விளையாட்டுக்கான எங்கள் சேவை இம்மாத இறுதியோடு நிறுத்தப்படுகிறது, அதன் பிறகு இதைத் திறக்க இயலாது. எங்கள் புதிய விளையாட்டை வாங்கினால் உங்களுக்குச் சிறப்புத் தள்ளுபடி உண்டு. மாதம் முடியப் பதினோரு நாள் இருந்தது.

திறந்தான். 'உரிமம் உறுதி செய்யப்பட்டது, நன்றி' என்று சின்னக் கட்டம் வந்து போயிற்று. அப்புறம் என்கிற ஊர் விட்ட இடத்தில் அப்படியே இருந்தது. பழைய பஸ் ஸ்டாண்டை யாரும் இடிக்கவில்லை. முதல் ஸ்டேஷனில் ரயில் ஏறி, ஜன்னலோரக் காட்சியை அழுத்தினான். ரயில் ஒரு விக்கல் இல்லாமல் ஓடியது.

'ஒரு வேலை வந்திருக்கு.' 'ரொம்ப தூரம். ரெண்டு வருஷம்.' 'எனக்குப் போக இஷ்டமில்லை.' 'இப்படியே இருக்கவும் முடியலை.' ரயில் தோப்பைச் சுற்றி வளைந்தது. வளைவில் இருந்ததால் அடுத்த பலகை மெதுவாக வந்தது. 'வேணாம்னு ஒரு வார்த்தை.' 'எழுதுங்க, போகமாட்டேன்.' கடைசி ஸ்டேஷனுக்குச் சற்று முன்னால், தனியாக ஒன்று. 'பகல் ஷிப்ட் கேட்டு வாங்கிடறேன்.'

போனை எடுத்து அவளைக் கூப்பிட்டான்.

"என்னங்க, இந்த நேரத்துல? எனக்கு டூட்டி இருக்கு."

"பலகையப் படிச்சேன்."

"எந்தப் பலகை?"

"நீ கடைசியா வச்சது. இப்பத்தான் படிச்சேன். அன்னிக்கு நான் படிக்கலை. கேம் பூட்டிக்கிச்சு, நான் சாமான் மாத்தி... உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. பஸ் ஸ்டாண்ட் விஷயம்னு நெனச்சு சரின்னுட்டேன்."

அந்தப் பக்கம் யாரோ யாரையோ கூப்பிடுவதும், தள்ளுவண்டிச் சக்கரம் உருளுவதும் கேட்டன. லைன் போய்விட்டதோ என்று அவன் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான்.

"படிச்சிட்டுதான் சரின்னு சொன்னீங்கன்னு" என்றாள் கடைசியில், "ரெண்டு மாசமா உங்க மேல அவ்வளவு கோவமா இருந்தேன். அந்தக் கோவத்துலதான் இங்க ஒவ்வொரு நாளையும் தள்ளினேன். இப்ப படிக்கவே இல்லைங்கறீங்க. நான் வாயத் தொறந்து கேட்டேனே, யோசிச்சுத்தான் சொல்றீங்களான்னு."

"கேட்ட."

"ஒரு தடவ, பாக்கலைம்மா, என்ன எழுதினேன்னு திருப்பிக் கேட்டிருந்தா நேர்லயே சொல்லியிருப்பேன். நானும் நேர்ல சொல்லியிருக்கலாம். ரெண்டு பேருக்கும் வாய் இருந்துச்சு."

"திரும்பி வந்துடேன்."

"கையெழுத்து போட்டிருக்கேங்க." அவள் மூச்சு விடுவது கேட்டது. "அதுவும் இல்லாம, வந்து? நீங்க ஆறேகாலுக்கு வருவீங்க, நான் என்ன பேசறது?"

வார்டில் கூப்பிடுகிறார்கள், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

அவன் திரைக்குத் திரும்பினான். அவளுடைய கடைசிப் பலகைக்குப் பக்கத்தில் ஒரு புதுப் பலகை நட்டு, 'வேணாம்' என்று தட்டினான். அப்புறம் பழக்க தோஷத்தில், முதல் ஸ்டேஷனில் ரயிலேறி ஒரு தடவை ஓட்டிப் பார்த்தான். பலகை நன்றாகத் தெரிந்தது.